எழுதுகோல் யாரை விட்டு உயர்த்தப்பட்டது?

உத்தனப்பள்ளியில் ஒரு நாள் அஸருக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துவிட்டு நாம் எழுந்த வேளை. பள்ளிவாசல் படியருகே ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். மூன்று வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவனின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். பிள்ளைக்கு விரலைக் கொடுத்து நடத்தி வரும் தாய்மாரைத்தான் நாம் கண்டிருக்கிறோம். மணிக்கட்டை ஏன் பிடித்திருக்கிறார் என்பது அப்போது நமக்கு விளங்கவில்லை. விட்டால் அவன் இராயக்கோட்டைச் சாலையில் லாரிக்கு முன்னால் ஓடுவான் என்பது பின்னர்தான் தெரிந்தது.

"ஹஜ்ரத், பிள்ளை பேசவே மாட்டேங்கிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பறதில்லை. காது நல்லாக் கேட்குது. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தத்துக்கு அடுத்த ரூமிலிருந்து ஓடி வர்றான். என் முகத்தைத்தான் பார்க்க மாட்டேங்கிறான். ஓதிப் பாருங்க ஹஜ்ரத்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்றார்.

நாம் ஃபாத்திஹா ஓதினோம். குல் சூராக்களை ஓதினோம். அவர் கொண்டுவந்திருந்த தண்ணீரில் ஊதிக் கொடுத்தோம். "ஸப்ரு செய்யுங்கள் அம்மா. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும். மூஸா (அலை) அவர்களின் நாவிலும் முடிச்சு இருந்ததல்லவா?" என்று ஆறுதல் கூறி அனுப்பினோம். ஒரு நற்காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வீடு திரும்பினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

நம்முடைய அந்தத் திருப்திக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை இரண்டு ஆண்டுகள். ஹஜ்ரத் சொல்லிவிட்டார், பேசுவான் என்று காத்திருந்தார்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போய் அங்கே வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பிறகே, தந்தை சிப்காட் வேலைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அங்கேதான் 'ஆட்டிசம்' என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டார்கள். நிம்ஹான்ஸ் இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர்ச் சாலை. நம் ஊரை நோக்கி வரும் சாலையின் மறு நுனியில் 1974 முதல் அந்த நிலையம் அந்தப் பெயரில் இயங்கி வருகிறது. வழி தெரியாதவர்களாக இருந்தது நாம்தான்.

ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். அந்தச் சொல் நமக்கு உவப்பாயில்லை. மதி இறுகியவர்கள் என்று எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. இவர்களில் பேச்சே வராத பிள்ளைகளும் உண்டு. பட்டம் பெற்று உத்தியோகம் பார்ப்பவர்களும் உண்டு. மற்றவரோடு கலந்து பழகுவதிலும், முகக்குறிப்பையும் சொல்லையும் வாங்கித் திருப்பித் தருவதிலும் பிறவியிலேயே ஒரு வேறுபாடு. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் நாட்டம். சத்தம், வெளிச்சம், தொடுகை ஆகியவற்றைச் சிலர் நம்மைவிடப் பன்மடங்கு அதிகமாக உணர்வர். சிலர் உணராதது போலிருப்பர். இதுதான் சுருக்கம். நம் சிறுவன் பாட்டில் மூடிகளை ஒரே வரிசையாக அடுக்குவான். ஒன்றை நகர்த்திவிட்டால் வீடே அதிரும்படி அழுவான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்குத் தரும் மதிப்பீட்டின்படி, 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். ஆயிரம் பேர் வாழும் ஒரு மஹல்லாவில் ஏழெட்டுப் பேர் என்று இதற்குப் பொருள். நேயர்கள் தங்கள் மஹல்லாவை ஒரு முறை மனத்தால் சுற்றி வரட்டும். அந்த ஏழெட்டுப் பேரில் எத்தனை பேரைக் கண்டிருக்கிறீர்கள்?

அந்தத் தாய் நம்மிடம் வைத்தவை ஒரு வேண்டுகோளும் ஒரு கேள்வியும். முதலில் கேள்விக்கு வருவோம். "நான் என்ன பாவம் செய்தேன்" என்பது அவர் தாமாக யோசித்துக் கண்ட கேள்வி அன்று. மற்றவர்கள் அவர் வாயில் வைத்தது. பிள்ளையின் தாதி, கர்ப்ப காலத்தில் மக்ரிபு வேளையில் வெளியே நின்றாள், ஜின் பட்டுவிட்டது என்றார். எதிர்வீட்டார், தாய் வேலைக்குப் போனதால் பிள்ளை கெட்டது என்றார். உறவினர் ஒருவர், கைப்பேசியைக் கொடுத்து அவளே கெடுத்தாள் என்றார். கவனித்துப் பாருங்கள்: காரணங்கள் மூன்று, குற்றவாளி ஒருவரே. தந்தையை நோக்கி ஒரு விரலும் நீளவில்லை.

இது படிப்பறியாதவர்களின் பேச்சு என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். பிறகு இந்த ஆராய்ச்சியின் வரலாற்றைப் படித்தபோது திடுக்கிட்டோம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கான்னர் 1943-ஆம் ஆண்டு 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக உலகுக்கு எடுத்துக் காட்டியது. பிறவியிலேயே அமைந்தது என்று அதில் அவர் எழுதினார். ஆயினும் பெற்றோர் பாசமற்றவர்களாய் இருப்பதாகவும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு உளவியலார் பலர் ஒரு கொள்கையே கட்டினார்கள். தாயின் மனம் குளிர்ப்பெட்டியைப் போல் சில்லிட்டிருப்பதால் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிடுகிறது என்றார்கள். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். நாஜிகளின் சிறைமுகாமில் அடைபட்டு மீண்டவர் அவர். அந்த முகாம் கைதிகளின் நிலையோடு இப்பிள்ளைகளின் நிலையை ஒப்பிட்டார். அப்படியானால் வீட்டில் காவலாளி யார்? தாய்தான். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம் எனப்பட்டது. நம் தெருவில் தாதி சொன்னதையே பெரிய நகரங்களில் டாக்டர்கள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்.

இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு தந்தை. பெர்னார்ட் ரிம்லண்ட் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய உளவியலார். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம். தம் மனைவி எப்படிப்பட்ட தாய் என்பதை வீட்டில் கண்ணால் கண்டவர். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது என்று 1964-இல் நூல் எழுதினார். 1977-இல் லண்டனில் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. ஒரே வீடு, ஒரே தாய்; ஆனால் வேறுபாடு பிறவி அமைப்பைப் பொறுத்து அமைந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதை உறுதி செய்துள்ளன. கான்னரே 1969-இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் எழுந்து, பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

மரபு வழி என்றதும் எந்தப் பக்கத்து இரத்தம் என்று விசாரிக்கக் கிளம்புவோர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: உங்கள் பிள்ளையின் கண்ணின் நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா? தேர்ந்தெடுக்காத ஒன்றில் குற்றம் எங்கிருந்து வரும்? ஓர் ஆத்மாவின் சுமையை மற்றோர் ஆத்மா சுமக்காது என்பதை அல்லாஹுத்தஆலா அன்ஆம் சூராவிலும் ஃபாத்திர் சூராவிலும் இன்னும் பல இடங்களிலும் கூறுகிறான். தாய் பாவமே செய்திருந்தாலும் அதற்காகப் பிள்ளையின் நாவு கட்டப்படும் என்பது நம் மார்க்கத்தில் இல்லாத கணக்கு. அந்த வசனங்களை ஓதுகிற நாம், அந்தத் தாய்க்கு அன்றே படியில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டியது: "நீங்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை அம்மா." அதைச் சொல்லாமல் ஸப்ரு செய்யுங்கள் என்று சொன்னதால், ஏதோ இருக்கிறது, பொறுத்துக்கொள் என்பதாகவே அது அவர் காதில் விழுந்தது. பின்னொரு நாள் அவரே இதை நம் வீட்டாரிடம் கூறினார்.

ஓதிப் பார்ப்பது ஆகாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஸஹாபாக்கள் ஓதியிருக்கிறார்கள்; நாமும் ஓதுவோம். அல்லாஹ் நோயை இறக்கும்போது மருந்தையும் இறக்கியுள்ளான், ஆகவே வைத்தியம் செய்யுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கிராமவாசிகளிடம் கூறியிருப்பதையும் சேர்த்துத்தான் ஓத வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, தர்காவை அண்டித் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். ஓட முடியாதபடி சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அவர்கள் மனநோயாளர்கள், ஆட்டிசம் மனநோயன்று. ஆனால் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் அன்பற்றவர்கள் அல்லர். வேறு வழி தெரியாமல், நம்மைப் போன்ற ஒருவரின் சொல்லைக் கேட்டு விட்டு வந்தவர்களாகவும் இருக்கலாம் என்ற நினைப்பு நம்மை உறங்க விடுவதில்லை.

இனி, நாம் வாய் கூசாமல் எடுத்து வழங்குகிற ஸப்ரு என்ற சொல்லைப் பற்றி. பெற்ற பிள்ளையைக் குறித்து அழகிய பொறுமை என்ற சொல்லைத் திருக்குர்ஆனில் கூறியவர் யஃகூபு (அலை) அவர்கள். அதே யஃகூபு (அலை) அவர்கள் துயரத்தால் கண்கள் வெளுக்கும் மட்டும் அழுதார்கள். அத்துடன், போய் யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களை ஏவினார்கள். ஸப்ரு என்பது அழாமலிருப்பதும் அன்று, தேடாமலிருப்பதும் அன்று. இன்னொன்றும் இதிலுண்டு. பொறுமை தந்தையுடையது, தேடிப் போகும் வேலை மற்றவர்களுடையது. நாமோ இரண்டையும் அந்தத் தாயின் தலையிலேயே ஏற்றிவிட்டோம்.

மூவரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற ஹதீதை நேயர்கள் அறிவார்கள். உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, சித்தம் பேதலித்தவர் தெளிவடையும் வரை. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பேச்சு வந்தால் இந்த ஹதீதைச் சொல்லி, "அவனுக்குக் கேள்வி கணக்கில்லை, நேரே சுவனம்" என்று முடித்துவிடுவது நம் வழக்கம். சொல்லப்பட்ட சந்தர்ப்பத்தை மறந்துவிடுகிறோம். சித்தம் பேதலித்த ஒரு பெண்ணுக்கு உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டு அழைத்துச் செல்கிறார்கள். வழியில் கண்ட அலி (ரலி) அவர்கள் அப்பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொண்டு கலீஃபாவிடம் வந்து இந்த ஹதீதை நினைவூட்டுகிறார்கள். உமர் (ரலி) அவர்கள் தக்பீர் கூறி அவளை விடுவிக்கிறார்கள். ஒரு மனித உயிருக்காகத் தெருவில் வழிமறித்துச் சொல்லப்பட்ட ஹதீது இது. நாம் அதைக் கொண்டு வாசற்கதவைச் சாத்துகிறோம்.

மேலும், ஆட்டிசம் உள்ளவர் எல்லாரையும் இந்த வகையில் சேர்ப்பதே பிழை. நூருல் அன்வார் ஓதிய எவரும் அஹ்லிய்யத்தைப் பற்றிய பாடத்தை மறந்திருக்கமாட்டார். தகுதி இரு வகை. உரிமைகளுக்கு உரியவராகும் தகுதி ஒன்று. கடமைகளைத் தாமே நிறைவேற்றும் தகுதி மற்றொன்று. இரண்டாவது அறிவைப் பொறுத்தது, கூடும், குறையும். அறிவு முற்றிலும் இல்லாதவருக்கும் குறைவாக உள்ளவருக்கும் ஃபுகஹாக்கள் வேறு வேறு சட்டங்கள் வகுத்துள்ளனர். எனவே நன்மை தீமை விளங்கும் ஆட்டிசம் உள்ள இளைஞருக்குத் தொழுகை கடமைதான். அதிலிருந்து அவரை விலக்குவது இரக்கம் ஆகாது. முதல் வகைத் தகுதியோ, பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுமையாக உண்டு. பேசாத பிள்ளைக்கும் வாரிசுரிமையில் பங்கு ஒரு காசு குறையாது. "அவனுக்கு எதற்குச் சொத்து, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பாகப் பிரிவினையில் பெயரை விட்டுவிடும் சகோதரர்களை நாம் கண்டிருக்கிறோம். நிர்வகிக்கத் தெரியாதவரின் பொருளைப் பொறுப்பாகக் காத்து, அதிலிருந்து உண்ணவும் உடுக்கவும் கொடுத்து, அவரிடம் இனிய சொல் பேசும்படி நிஸா சூராவின் தொடக்கத்திலேயே கட்டளை வந்துள்ளது. அந்த எழுதுகோல் பிள்ளையை விட்டு உயர்த்தப்பட்டது. நம்மை விட்டு உயர்த்தப்பட்டது என்று எந்த இமாமும் எழுதவில்லை.

இப்போது தாயின் வேண்டுகோளுக்கு வருவோம். இப்பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதில் நம் நாட்டிலேயே நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம் ஊரிலிருந்து கிழக்கே வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957-இல் தோன்றியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்பது அங்கே தொடக்கம் முதல் உள்ள முறை. அதன் குழந்தைகள் பிரிவுக்குப் பெயர் நம்பிக்கை நிலையம். அங்கே தாயோ தந்தையோ பிள்ளையுடன் வாரக் கணக்கில் தங்கி, எப்படிப் பழக்குவது என்று கற்றுக்கொள்கிறார்கள். சிகாகோவில் பெற்றோரைப் பிரித்தார்கள். வேலூரில் சேர்த்து வைத்தார்கள்.

அங்கே செய்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. அது ஆட்டிசத்தைப் பற்றியது அன்று. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரைப் பற்றியது. ஒரு பகுதியினருக்கு விரிவுரை. மறு பகுதியினர் பத்து வாரம் குழுவாக உட்கார்ந்து தமக்குள் பேசி, கேட்டு, பகிர்ந்துகொண்டனர். பேசிப் பகிர்ந்தவர்களிடம் பிள்ளை வளர்ப்பைப் பற்றிய நோக்கும் அறிவும் நன்கு உயர்ந்தன. குறைபாட்டைக் குறித்து உள்ளத்தில் இருந்த மனப்பான்மை மட்டும் மாறவில்லை. இந்த ஒரு வரியில் நாம் வெகுநேரம் நின்றோம். விவரம் அறியப் பத்து வாரம் போதும், உள்ளத்துக்குப் போதவில்லை. ஜும்ஆ மேடையில் வாரந்தோறும் நாம் செய்வது எந்த வகை என்ற கேள்வியும் எழுந்தது. விரிவுரை வகைதான்.

இன்னொன்று ஆட்டிசத்தைப் பற்றியதே. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடந்து, 2016-இல் வெளியானது. இரு நாடுகளிலும் நிபுணர்கள் அரிது. ஆகவே டாக்டர் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஆறு மாதத்தில் பன்னிரண்டு தடவை பெற்றோரைச் சந்தித்தனர். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தாயுடன் அமர்ந்து பார்த்து, "இதோ பாருங்கள், இங்கே பிள்ளை உங்களை அழைக்கிறான், நீங்கள் கவனிக்கவில்லை" என்பது போலக் காட்டிக் கொடுப்பது முறை. பிள்ளையைத் தன் வழிக்கு இழுக்காமல் பிள்ளையின் வழியில் தாய் சேர்ந்துகொள்ளப் பழக்கினார்கள். அவன் மூடி அடுக்கினால் தாயும் ஒரு மூடியை எடுத்துக் கொடுத்து, அவன் பார்வை திரும்பும் வரை காத்திருப்பது. பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. எல்லாமே சீர்பட்டுவிடவில்லை, இருவரும் ஒன்றில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரம் கூடுவதற்குப் பதில் சற்றுக் குறைந்ததாகவும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்தவுடன், "தாய்தான் மருந்து" என்று அந்தப் பெண்மணியிடம் போய்ச் சொல்ல நாம் எழுந்தோம். நம் வீட்டார்தான் தடுத்தார். "முன்பு நோய்க்குக் காரணம் அவள் என்றீர்கள். இப்போது மருந்தும் அவளே என்கிறீர்கள். இடையில் நீங்கள் எல்லாரும் எங்கே?" என்று கேட்டார். பதில் சொல்ல இயலாமல் உட்கார்ந்தோம். உண்மைதானே! அந்த ஆய்வில் வேலை செய்தது தாய் மட்டும் அன்று. அவளிடம் ஒருவர் பன்னிரண்டு தடவை வந்து, அருகில் அமர்ந்தார். உத்தனப்பள்ளியில் அந்தத் தாயின் வீட்டுக்கு ஒரு வருடத்தில் எத்தனை பேர் போனோம்? விருந்துக்கு அழைத்தால் பிள்ளை ரகளை செய்வான் என்று வலீமாக்களுக்கு அவரை அழைப்பதையே விட்டுவிட்டார்கள். அவரும் வெளியே வருவதை விட்டுவிட்டார். தந்தைக்கு ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடித்து வந்து அவர் உறங்கும் பகலில், பிள்ளையின் சத்தம் வெளியே போகாமல் ஒற்றை அறையில் காத்துக்கொண்டிருப்பவர் அந்தத் தாய். அங்கே ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்து, "நீங்கள் படுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதற்கு ஆலிம் பட்டம் தேவையில்லை. இப்போது பெண்கள் மூவர் முறை வைத்துப் போகிறார்கள். முதலில் போனவர் நம் வீட்டார்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் எல்லைப் பகுதியில் வீட்டில் உருது, தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடமும் உண்டு. இத்தனை மொழியால்தான் பிள்ளை குழம்பினான், வீட்டில் உருதுவை நிறுத்துங்கள் என்று பலர் அத்தாய்க்கு யோசனை கூறினர். அவரும் தமக்குச் சரளமில்லாத மொழியில் பிள்ளையைத் தாலாட்டப் பார்த்தார். கனடாவில் 2012-இல் வெளியான ஆய்வு முதல் இதுவரை பார்த்தவற்றில், இருமொழிச் சூழலால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதாகத் தெரியவில்லை. தாய் தம் இயல்பான மொழியிலேயே கொஞ்சலாம். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற வதந்தியும் அப்படியே. 12 பிள்ளைகளைக் கொண்டு 1998-இல் இதைக் கிளப்பிய லண்டன் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படியொரு தொடர்பே காணப்படவில்லை. கைப்பேசியில் வரும் செய்தியை நம்பித் தட்டம்மை ஊசியை மறுக்கும் குடும்பங்கள் நம்மில் இன்னும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

பள்ளிவாசலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். அவனுக்கு ஆறு வயதிருக்கும்போது தந்தை ஜும்ஆவுக்கு அழைத்து வந்தார். குத்பாவின்போது அவன் எழுந்து, மின்விசிறியைப் பார்த்துக் கைகளை உதறிக்கொண்டு ஸஃப்புகளுக்குக் குறுக்கே ஓடினான். பெரியவர் ஒருவர் எழுந்து, பிள்ளையை அடக்கத் தெரியாதவன் பள்ளிக்கு ஏன் வருகிறாய் என்று சத்தமிட்டார். மிம்பரில் இருந்த நாம் ஒன்றும் சொல்லவில்லை. குத்பாவைத் தொடர்ந்தோம். அடுத்த வாரம் முதல் தந்தை வரவில்லை. தம்மை யாரும் அறியாத ஓசூர்ப் பள்ளிவாசல் ஒன்றுக்குத் தனியாகப் போகிறார் என்று கேள்விப்பட்டோம்.

பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த கிராமவாசியின் மீது ஸஹாபாக்கள் பாய்ந்தபோது, அவரை விடுங்கள், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் எத்தனை முறை பயானில் கூறியிருக்கிறோம்! பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுததையும் கூறியிருக்கிறோம். புத்தியில் ஏதோ குறையுள்ள ஒரு பெண், தங்களிடம் எனக்கொரு தேவை இருக்கிறது என்று வந்து நின்றபோது, எந்தத் தெருவில் வேண்டுமோ சொல், அங்கே வந்து கேட்கிறேன் என்று கூறி, அவள் முடிக்கும் மட்டும் அவளோடு நின்றதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவளிடம் கொடுத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நாமோ அந்தச் சிறுவனுக்கு இருந்த ஓர் இடத்தையும் வாய் மூடி இருந்து பறித்தோம்.

தந்தையைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். திரும்பி வர அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. முத்தவல்லியிடம் பேசி, பக்கவாசலை ஒட்டிய கடைசி ஸஃப்பின் மூலையை அவனுக்கென விட்டோம். எழுந்து போக வேண்டுமானால் போகலாம். உள் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தோம். அன்று சத்தமிட்ட பெரியவர் இன்றும் முகம் சுளிக்கிறார். ஆனால் வாய் திறப்பதில்லை. சிறுவனுக்கு இப்போது வயது ஒன்பது. சில சொற்கள் வந்துள்ளன. சுவரிலுள்ள தொழுகை நேர அட்டவணையை விரலால் தடவித் தடவி மனனம் செய்துவிட்டான். பாங்கு ஒரு நிமிடம் தாமதமானால் முஅத்தினின் முன்னால் போய் நின்று கடிகாரத்தைக் காட்டுகிறான். இந்த அளவு ஒழுங்கு நம் ஜமாஅத்தில் வேறெவருக்கும் இல்லை.

அரசாங்கத்தின் பக்கம் இருப்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளில் அது உண்டு. அடையாள அட்டைக்குக் கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உள்ளது. அட்டை வாங்கினால் பெண் பிள்ளைக்கு வரன் வராது என்று அஞ்சி இதையெல்லாம் விட்டுவிடும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் பெண் பார்க்கப் போகும் நாம்தான்.

அதே 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதான பின், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அவனுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்கலாம். தாம் விரும்பும் எவரையும் பாதுகாவலராக்கும்படி பெற்றோர் அக்குழுவிடம் கேட்கலாம். நம் ஷரீஅத்தில் வஸீ என்று கூறுவோமே, ஏறத்தாழ அதுதான். தந்தை இதை எங்கோ கேட்டறிந்து, சென்ற ரஜபு மாதம் இஷாவுக்குப் பின் நம்மிடம் வந்தார். இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன, அதற்குள் ஏன் என்றோம். "எனக்கு நாற்பத்தாறு வயசு ஹஜ்ரத். சர்க்கரை இருக்கு. அவன் தங்கச்சிக்கு ஆறு வயசு. அவள் தலையில் வைக்க எனக்கு மனசில்லை. இப்பவே ஒரு பேரை மனசில் வெச்சிட்டா ராத்திரி தூங்குவேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "உங்க பேரை வெச்சுக்கவா?" என்று கேட்டார்.

அவனோடு ஸப்ரு செய்யுங்கள் என்று அவர் மனைவிக்கு அன்று படியில் நின்று ஒரு நொடியில் சொல்ல முடிந்த நமக்கு, இதற்கு ஒரு நொடியில் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் கலந்து சொல்கிறோம் என்றோம். அவர் வருத்தப்படவில்லை, "யோசிச்சுச் சொல்லுங்க ஹஜ்ரத், அவசரமில்லை" என்று சலாம் கூறிச் சென்றார். வீட்டார் அன்றிரவே சரி என்றுவிட்டார். நாம்தான் இஸ்திகாரா தொழுதுகொண்டிருக்கிறோம்.